லிசவெத்தாவின் சிலுவை

1865 நவம்பரில் தஸ்தயேவ்ஸ்கி ஒரு நாவலைத் தீயில் போட்டார். வெகுதூரம் எழுதி முடித்திருந்த நாவல் அது. கடன்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள், பத்திரிகைக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த நிலையிலும் கையெழுத்துப் பிரதியை எரித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார். அவருடைய குறிப்பேடுகளில் மிஞ்சியிருக்கும் ஆரம்பப் பகுதிகளில் கொலைகாரனே 'நான்' என்று தன் கதையைச் சொல்கிறான். புதிதாக எழுதியபோது அந்த 'நான்' போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் கொலைகாரனைவிட்டு ஒரு நொடிகூட விலகாமல் கூடவே நடந்து சொல்வதுபோல் கதை மாறியது. 1866 முழுவதும் 'ருஸ்கி வெஸ்த்னிக்' இதழில் அது தொடராக வந்தது. அதுதான் 'குற்றமும் தண்டனையும்'.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த நாவலின் வேறெந்தச் செய்தியையும்விட இதுதான் பெரிது. 'நான் கொன்றேன், நான் வருந்துகிறேன்' என்று ஒருவன் தானே சொல்லிக்கொண்டு போகும்போது அவன் எதிரில் யாரும் இல்லை. சொல்கிறவனும் கேட்கிறவனும் தீர்ப்புச் சொல்கிறவனும் அவனே. தஸ்தயேவ்ஸ்கி அந்தத் தனி அறையின் கதவைத் திறந்து, இன்னொருவர் உள்ளே வர வழிவிட்டார். சோனியா வந்தாள், கொலைகாரன் தன் குற்றத்தைச் சொல்லப்போகும் பெண்.

மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு சிறுகதை எழுதுகிறேன். குற்றவுணர்வைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். இத்தனை காலம் ரஷ்யர்களைப் படித்ததில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: குற்றவுணர்வை எழுதுவதென்றால் குற்றம் செய்தவனை எழுதுவதல்ல, அவன் யார் முன்னால் போய் நிற்கிறானோ அந்த ஆளை எழுதுவது. அந்த ஆள் சரியாக அமையாவிட்டால் எவ்வளவு கண்ணீரும் பிரயோஜனப்படாது.

எங்கள் ஊருக்கு இந்த நாவல்கள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டு நியூ செஞ்சுரி புத்தக நிலையம் கொண்டுவந்த மலிவு விலைப் புத்தகங்கள் ஒரு வழி. ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் 'புத்துயிர்ப்பு' நாவலும் 'வெண்ணிற இரவுகள்' கதையும் அப்படி வந்தவைதான். இன்னொரு வழி மலையாளம். விளவங்கோடு தாலுக்காவில் இரண்டு மொழியும் வாசிப்பவர்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. கரமாஸவ் சகோதரர்களை என்.கே. தாமோதரனின் மலையாளத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் பேசிய பெரியவர்களை நான் அறிவேன். எம்.ஏ. சுசீலா 2007இல் 'குற்றமும் தண்டனையும்' நாவலையும் 2011இல் 'அசடன்' நாவலையும் தமிழுக்குக் கொடுத்தார். புவியரசு கரமாஸவ் சகோதரர்களைத் தந்தார். இன்று எழுத வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் தமிழிலேயே இருக்கிறது. இது சாதாரண வரமல்ல.

சோனியாவுக்கு வருகிறேன். அந்தக் கொலைகாரன் ரஸ்கோல்னிகோவ் வட்டிக்காரக் கிழவியைக் கொல்வதற்குக் காரணங்கள் அடுக்கி வைத்திருக்கிறான். அவள் பேன் போன்றவள், அவள் பணத்தால் ஆயிரம் பேர் வாழலாம் என்று அவனிடம் ஒரு சித்தாந்தமே இருக்கிறது. ஆனால் கொலை நடந்த கையோடு கிழவியின் தங்கை லிசவெத்தா எதிர்பாராமல் உள்ளே வந்துவிடுகிறாள். யாருக்கும் தீங்கு நினைக்காத, எல்லோருக்கும் வேலை செய்துகொடுக்கிற அப்பாவி. அவளையும் கோடரியால் வெட்டுகிறான். இந்த இரண்டாவது கொலைக்குச் சித்தாந்தம் இல்லை. அதனால்தான் அவன் மனம் அதைப் பக்கத்தில் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கிழவியைப் பற்றி ஓயாமல் வாதாடுகிறான், லிசவெத்தாவின் பெயரை அரிதாகவே நினைக்கிறான்.

அந்த மறக்கப்பட்ட பெண்ணை ஆசிரியர் எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். லிசவெத்தா சோனியாவின் சிநேகிதி. சோனியா லாசரு உயிர்த்தெழும் பகுதியை அவனுக்குப் படித்துக்காட்டுகிறாளே, அந்த வேதப் புத்தகம் லிசவெத்தா கொண்டுவந்து கொடுத்தது. இருவரும் சிலுவைகளை மாற்றிக்கொண்டவர்கள். கடைசியில் அவன் சரணடையப் புறப்படும்போது சோனியா தன் மரச்சிலுவையை அவன் கழுத்தில் போடுகிறாள், தனக்கு லிசவெத்தாவின் செம்புச் சிலுவையை வைத்துக்கொள்கிறாள். ரஸ்கோல்னிகோவ் யாரோ ஒரு கருணையுள்ள பெண்ணிடம் குற்றத்தைச் சொல்லவில்லை. தான் கொன்றவளின் தோழியிடம், கொல்லப்பட்டவளின் இடத்தில் நிற்க உரிமையுள்ள ஒருத்தியிடம் சொல்கிறான். அவள் அழுதால் அந்த அழுகையில் லிசவெத்தாவும் அழுகிறாள். அவள் மன்னித்தால் அதற்கு ஒரு அதிகாரம் இருக்கிறது.

விசாரணை அதிகாரி போர்ஃபிரி சோனியாவைவிடப் புத்திசாலி. ரஸ்கோல்னிகோவின் மனத்தை ஏடு ஏடாகப் புரட்டுகிறவர். சரணடைந்துவிடு என்று நல்ல யோசனையும் சொல்கிறார். ஆனாலும் அவரிடம் சொல்லி அவனுக்கு விடிவு வராது. போர்ஃபிரி எதையும் இழந்தவரல்ல. கதைகளில் நீதிபதியும் உளவியல் அறிந்தவரும் தத்துவம் பேசுகிறவரும் குற்றவாளியைப் புரிந்துகொள்ளலாம், மீட்க முடியாது என்று எனக்குத் தோன்றுவதற்கு போர்ஃபிரிதான் காரணம்.

தண்டனையே ஒருவனைத் திருத்தும் என்று தஸ்தயேவ்ஸ்கி நம்பவில்லை. நம்ப அவருக்கு வழியுமில்லை. 1849 டிசம்பர் 22 அன்று பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் சுடப்படுவதற்காக நிறுத்தப்பட்டு, கடைசி நொடியில் தண்டனை மாற்றப்பட்டு, ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டு விலங்கோடு கிடந்தவர். அந்தச் சிறையைப் பற்றி எழுதிய நூலில், கூட இருந்த கைதிகளிடம் அத்தனை வருடமும் மனம் வருந்தியதன் ஒரு அறிகுறியைக்கூடப் பார்க்கவில்லை என்று பதிந்திருக்கிறார். உலகத்தின் பெரிய மனந்திரும்பல் நாவல்களை எழுதியவர் மனந்திரும்பியவர்களைச் சிறையில் பார்த்ததில்லை. அதனால்தான் ரஸ்கோல்னிகோவ் 8 ஆண்டு தண்டனை பெற்றுச் சைபீரியா போன பிறகும் மாறவில்லை. தான் தோற்றது மட்டும்தான் அவனுக்கு வெட்கம். மற்ற கைதிகள் அவனை வெறுக்கிறார்கள், அவனுக்காகப் பின்னாலேயே வந்த சோனியாவை அம்மா என்று அழைக்கிறார்கள். பல மாதம் கழித்து ஆற்றங்கரையில் அவள் காலடியில் அவன் விழும் இடம்வரை அவனுக்குள் ஒன்றும் நடப்பதில்லை. அந்தப் பின்னுரை அவசரமாக ஒட்டவைத்தது என்று குறை சொல்பவர்கள் பல காலமாக இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கமில்லை. பின்னுரையில்தான் சோனியா காத்திருக்கிறாள். ஒரு மனிதனின் கர்வம் கரைய ஆகும் காலத்தை அவளுடைய காத்திருப்பால்தான் அளக்க முடியும்.

இதற்கு நேர் எதிரான ஒரு இடமும் அவரிடம் உண்டு. 'பீடிக்கப்பட்டவர்கள்' நாவலில் ஸ்தவ்ரோகின் தன் பாவத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு திகோன் என்ற துறவியிடம் வருகிறான். ஒரு சிறுமிக்குச் செய்த கொடுமை, அவள் தூக்கில் தொங்கும்வரை பக்கத்து அறையில் காத்திருந்தது எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கின்றன. பத்திரிகை ஆசிரியர் கட்கோவ் அந்த அத்தியாயத்தை அச்சிட மறுத்தார். தஸ்தயேவ்ஸ்கி இறந்து பல காலம் ஆன பிறகு 1922இல்தான் அது வெளிவந்தது. திகோன் அந்தத் தாள்களை வாசித்துவிட்டு அதன் நடையைப் பற்றிப் பேசுகிறார்! அந்த வாக்குமூலத்திலும் ஒரு சவால், ஒரு மிடுக்கு இருப்பதைச் சுட்டுகிறார். உலகம் உன்னை வெறுத்தால் தாங்கிக்கொள்வாய், சிரித்தால் தாங்குவாயா என்று கேட்கிற அர்த்தத்தில் ஒரு கேள்வி வைக்கிறார். ஸ்தவ்ரோகின் உடைந்துபோகிறான், திட்டிவிட்டு வெளியேறுகிறான். மன்னிப்பை எழுதும் ஒவ்வொருவரும் இந்த அத்தியாயத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். திகோன் நல்லவர், ஞானி, அன்பானவர். ஆனால் அவர் அந்தச் சிறுமியல்ல. சிறுமியின் இடத்தில் நிற்க அந்த நாவலில் யாருமில்லை, ஸ்தவ்ரோகினுக்கு மீட்பும் இல்லை.

கேட்கிறவருக்கு ஆபத்தும் உண்டு. கரமாஸவ் சகோதரர்களில் துறவி ஜோசிமா தன் இளமையைச் சொல்லும் பகுதியில் ஒரு விருந்தாளி வருகிறார். ஊரே மதிக்கும் கனவான். பதினான்கு ஆண்டுக்கு முன் ஒரு பெண்ணைக் கொன்று, பழி ஒரு வேலைக்காரன்மேல் விழ, அவன் காவலிலேயே செத்துப்போக, ஒன்றும் தெரியாதவராக வாழ்ந்து வந்தவர். ஜோசிமாவிடம் மட்டும் சொல்கிறார். ஊருக்கே சொல்லப் போகிறேன் என்று கிளம்பிப் போனவர் அன்று இரவே திரும்பி வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். எதற்கு வந்தார் என்று சாகும் தறுவாயில்தான் சொல்கிறார். இளைஞன் ஜோசிமாவைக் கொல்ல வந்திருக்கிறார்! உண்மை தெரிந்த ஒரே ஆள் உயிரோடு இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒப்புக்கொள்வதற்கும் இன்னொரு கொலைக்கும் இடையில் ஒரு நாற்காலி தூரம்தான் இருந்தது என்பதை இவ்வளவு சாதாரணமாக எழுத தஸ்தயேவ்ஸ்கியால்தான் முடிந்தது.

டால்ஸ்டாயின் வழி வேறு. 'புத்துயிர்ப்பு' நாவலுக்கு விதை போட்டது 1887இல் கோனி என்ற சட்ட அறிஞர் சொன்ன உண்மைச் சம்பவம். திருட்டு வழக்கில் சிறைப்பட்ட ஒரு பெண்ணைத் தான்தான் முன்பு கெடுத்துக் கைவிட்டோம் என்று உணர்ந்த ஒருவன் அவளையே மணக்க விரும்பினான். திருமணத்துக்கு முன்பே அவள் சிறையில் நோய் கண்டு இறந்தாள். டால்ஸ்டாய் இதை எழுதத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி எடுத்துப் பத்தாண்டுக்கு மேல் இழுத்தடித்தார். கதை ஓடவில்லை. 1895 நவம்பரில் நடை போய் வந்தவர் டைரியில் எழுதுகிறார்: தொடக்கமே தப்பு, அவளிடமிருந்து தொடங்க வேண்டும் என்று. 1899இல் நாவல் வெளிவந்தபோது முதல் பக்கங்களிலேயே மாஸ்லவா சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்படுகிறாள், பிரபு நெஹ்லூதவ் அதற்குப் பிறகுதான் படுக்கையிலிருந்து எழுகிறான். எரித்துவிட்டு எழுதிய தஸ்தயேவ்ஸ்கியும் நடை போய்த் திரும்பிய டால்ஸ்டாயும் முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மாஸ்லவா சும்மா மன்னிக்கிற பெண்ணல்ல. நெஹ்லூதவ் வந்து, உன்னை மணக்கிறேன், பாவத்தைக் கழுவுகிறேன் என்று நிற்கும்போது அவள் கொதித்து எழுகிறாள். அன்று என் உடம்பை உபயோகித்தாய், இன்று உன் ஆத்துமாவைக் காப்பாற்றிக்கொள்ள என்னை உபயோகிக்கப் பார்க்கிறாய் என்பதுதான் அவள் கோபத்தின் சாரம். இதைவிட நுட்பமாக இன்னொன்றும் நாவலில் இருக்கிறது. அவளைக் கெடுத்ததும் பிறகு பணத்தைத் திணித்துவிட்டுப் போனதும்தான் தன் பாவம் என்று நெஹ்லூதவ் நினைக்கிறான். அவள் நெஞ்சில் கிடப்பதோ வேறொரு ராத்திரி. வயிற்றில் பிள்ளையோடு, மழையில், இருட்டில், ரயில் நிலையத்துக்கு ஓடி வருகிறாள். முதல் வகுப்புப் பெட்டியில் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். கண்ணாடியைத் தட்டுகிறாள், ரயில் நகர்ந்துவிடுகிறது. கடவுள்மேலும் மனிதர்மேலும் அவள் நம்பிக்கை செத்தது அந்த ராத்திரிதான். அப்படியொரு ராத்திரி இருந்ததே அவனுக்குத் தெரியாது. குற்றம் செய்தவன் சுமந்துகொண்டு வருவது ஒன்று, குற்றத்துக்கு ஆளானவர் சுமப்பது வேறொன்று. இரண்டும் ஒன்றென்று எழுதுகிற கதை பொய்க்கதை.

எங்கள் மண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. குமரி மாவட்டத்திலும் தென் திருநெல்வேலியிலும் கும்பிடப்படும் தெய்வங்களில் பலர் அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்கள். கொன்றவர்களின் வம்சமே பீடம் போட்டு, வருடா வருடம் படைத்து, அந்தக் கொலையின் கதையை முழுக்கப் பாடவைத்துக் கேட்கிற வழக்கம் இங்கே இருக்கிறது. நீலியின் கதையைப் பாருங்கள். நகைக்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் மறுபிறவியில் செட்டியாராகப் பிறக்கிறான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தேடி வருகிறாள். ரஷ்ய நாவலில் கொன்றவன் மறக்க முடியாமல் தவிக்கிறான். நம் கதையில் கொல்லப்பட்டவள் மறக்க விடாமல் துரத்துகிறாள். கணக்கு முடிந்த பிறகு அவளே இசக்கியாகி ஊரைக் காக்கிறாள். கொன்றவனின் மனத்துக்குள் நம் பாட்டுக்காரர்கள் அதிகம் நுழையவில்லை. ஆனால் கொல்லப்பட்டவளின் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

வில்லுப்பாட்டுக் குழுவில் வலம்பாடி, இடம்பாடி என்று இரண்டு பக்கம் உண்டு. வலப்பக்கம் சொல்லும், இடப்பக்கம் ஆமா போடும், கேள்வி கேட்கும், எடுத்துக் கொடுக்கும். இடம்பாடி சரியில்லாவிட்டால் எவ்வளவு பெரிய அண்ணாவியும் திணறுவார். ஒப்புக்கொள்ளும் காட்சி எழுதும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். குற்றவாளி வலப்பக்கம், கதையின் உயிர் இடப்பக்கம்.

சர்ச்சுகள் நிறைந்த ஊர் எங்களுடையது. பாவசங்கீர்த்தனம் செய்யும் கத்தோலிக்கர், கன்வென்ஷன் மேடையில் சாட்சி சொல்லும் சபைகள், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மனந்திரும்புதல் பேசும் ஒலிபெருக்கிகள். ஆகவே இங்கே எழுத வருகிறவர்கள் கைக்கு முதலில் அகப்படுவது பாதிரியார் முன் முழந்தாளிடும் காட்சிதான். விசுவாசத்தில் அதன் இடம் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கதையில் அது பெரும்பாலும் உயிரில்லாமல் போகிறது. கேட்கிற பாதிரியார் நிலத்தையோ மகளையோ மானத்தையோ இழந்தவரல்ல. இழந்தவர் பக்கத்துத் தெருவில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார். கதை அங்கே போக வேண்டும்.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நீண்ட காலம் அறுவைசிகிச்சை செய்த தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்லின் வாழ்க்கையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1922 ஜூன் 7 அன்று எவரெஸ்ட் சரிவில் பனிச்சரிவு ஏழு சுமைதூக்கிகளைக் கொன்றது. ஏறிய வெள்ளையர்களில் ஒருவரும் சாகவில்லை. சோமர்வெல் பிழைத்தவர்களில் ஒருவர். எங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்ற பொருளில் பிற்காலத்தில் மனம் வெந்து எழுதினார். மலையிலிருந்து இறங்கிய அவர் அதே ஆண்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூருக்கு வந்தார், வரிசை வரிசையாகக் காத்திருந்த நோயாளிகளைக் கண்டார், லண்டன் வேலையை வேண்டாமென்றுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். முதலாவது இரண்டாவதற்குக் காரணம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர் அப்படிச் சொல்லவுமில்லை. ஆனால் எழுத்தாளன் குடியிருக்க வேண்டிய இடம் அந்த இரண்டு சம்பவங்களுக்கு நடுவிலுள்ள சொல்லப்படாத பரப்புதான். ஜெயமோகன் 'ஓலைச்சிலுவை' கதையில் சோமர்வெல்லை எழுதியிருக்கிறார்.

ஜெயமோகன் பெயர் வந்துவிட்டது. திருவரம்பில் வளர்ந்து, மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். ரஷ்ய நாவலின் இந்தக் கேள்வியைத் தமிழில் அவரளவு தூரம் கொண்டுபோனவர் வேறு யாருமில்லை என்பது என் தீர்மானமான கருத்து. 1999இல் வந்த 'பின் தொடரும் நிழலின் குரல்' நேரடியாகவே ரஷ்யாவுக்குப் போகிறது. தொழிற்சங்கத் தலைவர் அருணாசலம், கட்சியால் துடைத்தழிக்கப்பட்ட வீரபத்ரபிள்ளையின் எழுத்துகளைக் கண்டெடுக்கிறார். வீரபத்ரபிள்ளை கேட்ட கேள்வி சோவியத் புரட்சித் தலைவர்களில் ஒருவரான புகாரினைப் பற்றியது. 1938இல் சுட்டுக் கொல்லப்பட்ட புகாரின் தன் இறுதிச் செய்தியை இளம் மனைவி அன்னா லாரினாவை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார். சிறையிலும் முகாம்களிலும் அன்னா அதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிக் காத்தார். 1988இல்தான் சோவியத் அரசு புகாரினைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. கேட்டவர் ஒருவர் ஐம்பது ஆண்டு உயிரோடு இருந்து நினைவில் வைத்திருந்ததால் ஒரு மனிதனின் சொல் பிழைத்தது. நாவலில் மனம் சிதறிப்போன அருணாசலத்தைத் தாங்கி நிற்பவள் மனைவி நாகம்மை. சித்தாந்தம் எதுவும் தெரியாத நாகம்மை எனக்கு சோனியாவின் தங்கையாகத்தான் தெரிகிறாள்.

2011இல் தொகுப்பாக வந்த 'அறம்' கதைகளில் தலைப்புக் கதையை இளையவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பதிப்பாளர் எழுத்தாளரை ஏமாற்றுகிறார். எழுத்தாளர் வயிறெரிந்து சாபம் பாடிவிட்டுப் போகிறார். பதிப்பாளரின் மனப்போராட்டத்தைப் பற்றிக் கதை பக்கம் பக்கமாக எழுதவில்லை. அவருடைய மனைவி, அந்த ஆச்சி, உச்சிவெயிலில் போய்க் கொதிக்கிற தார்ரோட்டில் உட்கார்ந்துவிடுகிறார். எழுத்தாளருக்குச் சேர வேண்டியது போய்ச் சேரும்வரை எழவில்லை. கணவனின் குற்றம் மனைவியின் தோலில் எரிகிறது. அதே தொகுப்பின் 'நூறு நாற்காலிகள்' இதற்கு மறுபுறம். நாயாடிக் குடியில் பிறந்து பெரிய அதிகாரியாகிவிட்ட மகன், பிச்சையெடுத்துத் திரியும் தாய். அவன் குற்றவுணர்வோடு அவள் முன் நிற்கிறான். அவளோ, இந்தச் சட்டை வேண்டாம், நாற்காலியில் உட்காராதே, கொன்றுவிடுவார்கள் என்று பயந்து கெஞ்சுகிறாள். அவன் என்ன கேட்கிறான் என்றே அவளுக்குப் புரியாது. கேட்க ஆள் இருந்தும் கேட்க முடியாதபடி ஒரு சமூகம் அவளை ஆக்கிவைத்திருக்கிறது. மகனின் மன்னிப்புக் கோரல் தாயின் பயத்தில் மோதித் திரும்பி வருகிறது. சோனியா இல்லாத ரஸ்கோல்னிகோவைவிட இது கொடுமை.

என் மேஜைக்கு வருகிறேன். சமீபத்தில் முடித்த ஒரு கதையில் அண்ணன் ஒருவன், கையெழுத்து வாங்குகிற சாக்கில் தங்கையின் முப்பது சென்ட் நிலத்தையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவன். அதில் ரப்பர் நட்டு, பால் வெட்டி, வீடு கட்டினான். வயசாகி, நோயும் வந்தபின் தங்கையைப் பார்க்கப் போகிறான். இந்தக் கதைக்கு உட்காரும்போது நான் அண்ணனைத் தொடவில்லை. தங்கையின் ஒரு நாளை முழுசாக எழுதினேன். விடியுமுன் இன்னொருவர் தோட்டத்தில் பால் வெட்டப் போவது, சிரட்டைகளைத் துடைப்பது, வாளியில் பால் சேர்ப்பது, ஒட்டுப்பால் உருண்டைகளைச் சாக்கில் கட்டுவது, கைவிரலில் போகாத அந்த வாசனை, மத்தியானம் கஞ்சி. அவளுக்கு என்று ஒரு வாழ்க்கை கதைக்குள் நின்ற பிறகுதான் அண்ணனை வாசலுக்கு வரவிட்டேன்.

"அண்ணே, வெயிலத்து நிக்காத. ஏறி வந்து இரி" என்றாள். வெள்ளம் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பத்திரத்தைப் பற்றி ஆரம்பித்தான்.

"அது எனக்கு அப்பமே தெரியும்" என்றாள் தங்கை.

அவன் இத்தனை வருஷம் காத்த ரகசியம் அந்த ஒரு வாக்கியத்தில் காலியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "எனக்க மவளுக்க கல்யாணத்துக்கு நீ வரல்ல. அதுதான் இப்பளும் நெஞ்சில கெடக்கு."

அவள் அதைச் சொல்வாள் என்று எழுதும்வரை எனக்குத் தெரியாது. அவளுடைய நாளை முழுசாக எழுதியதால் அவள் சொன்னாள். மாஸ்லவாவின் ரயில் நிலைய ராத்திரியை வாசித்திருக்காவிட்டால் அப்படி ஒரு வாக்கியத்துக்குக் காத்திருக்கவும் எனக்குத் தெரிந்திருக்காது. நிலத்தைத் திருப்பி எழுதிக் கொடுக்கலாம், பதிவு அலுவலகம் இருக்கிறது. வராமல் போன கல்யாணத்துக்கு எங்கே போவது? கதை அங்கிருந்துதான் தொடங்கியது. அண்ணன் என்ன செய்தான் என்பதைக் கதையில் படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மீட்பை எழுத்தாளன் கொடுக்க முடியாது. கொடுக்க உரிமையுள்ளவர் கதைக்குள் இருக்கிறார், அவர் கொடுக்க மறுக்கவும் செய்யலாம். டால்ஸ்டாயின் சிறுகதை ஒன்றில், செய்யாத கொலைக்காக இருபத்தாறு ஆண்டு சைபீரியாவில் கிடந்த அக்சியோனவ் முன்னால் உண்மைக் கொலைகாரன் விழுந்து அழுகிறான். அதிகாரிகளிடம் உண்மையையும் ஒப்புக்கொள்கிறான். விடுதலை உத்தரவு வரும்போது அக்சியோனவ் இறந்துவிட்டிருக்கிறார். விடுதலையைத் தாமதமாக்க டால்ஸ்டாய் தயங்கவில்லை. மன்னிப்பு நடந்தது, நஷ்டம் நஷ்டமாகவே நின்றது. நம் கதைகளில் கண்ணீர் வந்த உடனே எல்லாம் நேராகிவிடுகிறது. வாசகருக்கு ஆறுதல் தர வேண்டுமென்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் இழந்தவருக்கு அது இரண்டாவது அநியாயம்.

குமரி மாவட்டத்தில் எழுத வருகிற இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிக் கடற்கரை ஊர்களில் பரவிய இந்து-கிறித்தவக் கலவரத்தை அனுபவித்தவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்தன, இரண்டு பக்கமும் கை நீட்டியவர்களும் கண்ணை மூடிக்கொண்டவர்களும் உண்டு. அன்று இளவட்டமாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அதைப் பற்றி எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் பிறந்தவராக இருந்தாலும் மற்றப் பக்கத்து வீடு ஒன்றுக்குள் போய், அங்கே இழந்த ஒருவருடைய ஒரு நாளை முதலில் எழுதுங்கள். உங்கள் ஆளை அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.